விடுதிக் குழிக்குள் ஒரு வீடு

மாதேஸ்வரி ஜேசிபி பக்கெட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இடது கால் மரத்துப்போய் யாருடைய காலோ போலக் கிடந்தது. இறங்கிவிடலாம்தான். இன்ஜினை நிறுத்தியாயிற்று, ஓட்டுகிற திம்மராயன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நிற்கிறார், இனி யாரும் தோண்டப் போவதில்லை. ஆனால் ஏறும்போது "என்னையும் சேத்து அள்ளிட்டுப் போங்க" என்று மலைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஏறியாகிவிட்டதே. அப்படிச் சொன்னவள் கால் மரத்துப்போச்சு என்று நொண்டிக்கொண்டு இறங்கினால் நன்றாகவா இருக்கும்? கொஞ்சம் பொறுத்து, வேறு ஏதோ வேலையாக இறங்குவது போல இறங்க வேண்டும். அவளுக்குக் கோபமெல்லாம் அந்தக் கல்லின் மேல், இல்லை, கல் என்ன செய்யும் பாவம், அதை நிமிர்த்தி வைத்த சாலம்மா மேல், இல்லை, சாலம்மா வைத்ததும் அடங்கிப்போன இந்த ஆம்பிளைகள் மேல். காலையில் பூமி பூசை முடிந்து, பல்கலைக்கழகப் பெண்கள் விடுதிக்கு அஸ்திவாரம் எடுக்க ஜேசிபி அஞ்சாறு வாரி வாரியதும் மண்ணோடு உருண்டு வந்தது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் கல். ஒரு முனை கூர், ஒரு முனை பட்டை, உடம்பெல்லாம் வழுவழுவென்று. புதிய கற்காலக் கோடரி. இந்த மலையடிவாரத்துக் கற்கோடரிகளைப் பற்றித்தான் அவள் இரண்டு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். ஓடிப்போய்க் குறுக்கே நின்று, சட்டம் சொன்னாள், சட்டத்தின் எண் சொன்னாள், வருஷம் சொன்னாள், மீறினால் என்ன ஆகும் என்று சொன்னாள். சைட் இன்ஜினியர் பிரபு, அவளைவிட ரெண்டு வயசு கூட இருந்தால் அதிகம், "கல்லுதானே மேடம், ஓரமா வச்சிக்கங்க" என்றான். திம்மராயன் காதில் விழாதது போல அடுத்த வாரிக்கு ஜேசிபியின் கையை ஓங்க வைத்தார். அதனால்தான் ஏறினாள். அப்போது சித்தாள் சாலம்மா வந்தாள், குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினாள், கூர்முனை மேலே இருக்கிற மாதிரி மண்மேட்டில் நட்டாள், பூசையில் மிச்சமிருந்த மஞ்சளை ஒரு கிள்ளு எடுத்துப் பூசி, "புள்ளையாரப்பா, குறுக்க வந்துட்டோம், மன்னிச்சுக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். இன்ஜின் நின்றது, செருப்புகள் கழன்றன, பிரபு கூட ஹெல்மெட்டை எடுத்துவிட்டான். மூன்று உட்பிரிவுகளோடு சொன்ன சட்டத்துக்கு அசையாத இரும்பு, ஒரு கிள்ளு மஞ்சளுக்கு அடங்கிவிட்டது! இதை எங்கே போய்ச் சொல்வது?

சொல்ல ஒரே இடம் ஹெப்சிபா மேடம்தான். மேடம் அவளுடைய நெறியாளர். போன் போட்டபோது தொல்லியல் துறை அதிகாரி ஒருவரோடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஏதோ குகை ஓவியம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். "இங்கயே திரும்பறோம், பத்தரைக்கு அங்க இருப்போம். எதையும் தொடாதே. யாரையும் தொட விடாதே. முக்கியமா யார்கிட்டயும் கத்தாதே." "நான் எங்க மேடம் கத்தறேன்?" "இதோ, இப்ப." கத்தவில்லை, குரலே அப்படி, வாதாடுவதைக் கத்துவது என்று சொல்கிற ஊர், அதிலும் பொம்பளை வாதாடினால் கத்துவது, ஆம்பிளை கத்தினால் வாதாடுவது, இதைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மஞ்சள் பூசலாமா, மேற்பரப்பில் என்னென்ன ஒட்டியிருக்கும், பரிசோதனைக்கு இனி எதற்கு ஆகும் என்று சாலம்மாவிடம் கேட்க வாயெடுத்து, மேடத்தின் "கத்தாதே" நினைவுக்கு வந்து, அடக்கிக்கொண்டாள். ஆராய்ச்சிக்காகப் போன எத்தனை ஊரில் பார்த்திருக்கிறாள். புளியமரத்தடியில் வரிசையாகக் கற்கோடரிகள், ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், பொட்டு, பண்டிகைக்குப் பண்டிகை எண்ணெய். உழும்போது கிடைத்தது, கொண்டுவந்து வைத்தோம், புள்ளையாரு. ஒவ்வொரு ஊரிலும் அவள் வாதாடி, ஒவ்வொரு ஊரிலும் தோற்று, ஒவ்வொரு ஊரிலும் மோர் குடித்துவிட்டு வந்தாள். இருந்தாலும் யோசித்துப் பார்த்தால், அந்த மஞ்சள் இல்லாவிட்டால் அந்தக் கல்லெல்லாம் எந்தக் கட்டடத்து ஜல்லியில் கிடந்திருக்குமோ. இதை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் இப்போது வேண்டாம், பக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வேண்டாம்.

"மேடம்," பிரபு கிட்டே வந்தான், குரலில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது, எல்லாம் பிள்ளையார் தயவு, "அவங்க வந்தா என்ன செய்வாங்க? கல்ல எழுதிக்கிட்டு எடுத்துட்டுப் போயிருவாங்க. தனிக் கல்லுதானே? மழையில எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கும். பதினோரு மணிக்கு நாம வேலையத் தொடங்கிரலாம், இல்லையா?" அது சரிதான். தனியாக ஒரு கல் கிடைத்தால் அப்படித்தான் நடக்கும். கல் அருங்காட்சியகத்துக்கு, குழி விடுதிக்கு. அவளுக்கும் அதுதானே வேண்டும், இரண்டும் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள், பதில் சொல்லத் திரும்பியவள் கண் பக்கெட்டின் பல்லுக்கு மேலே போய்க் குழியின் தரையில் விழுந்தது. மண் இறுகிக் கிடக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலம் டேங்கர் தண்ணீர் விட்டு ஊறப்போட்டிருந்தார்கள். வாரி வழித்த தரை ஈரமாக, செம்பழுப்பாக, சமமாக இருந்தது. அதில் கறுப்பாக ஒரு வட்டம், ஜாண் அகலம். நாலடி தள்ளி இன்னொன்று. இன்னும் நாலடி தள்ளி இன்னொன்று. கண் தானாக அடுத்ததற்குப் போனது, அடுத்ததற்கு, வளைந்து வளைந்து, சிந்தின காபித் தம்ளர் தடம் மாதிரி, ஒன்பது, பத்து, திரும்பவும் தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டது. நடுவில் சிவந்து சுட்ட மண், சாம்பல். கம்பு நட்ட குழிகள். மட்கிப்போன கம்பின் இடத்தில் நிறம் மாறி நிற்கிற மண். வீடு. அய்யோ, வீடுடீ இது! தமிழ்நாட்டில் இப்படி முழு வட்டமாக எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள், அவள் புத்தகத்தில் பார்த்ததே மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். நெஞ்சு ஒரு குதி குதித்தது. அதே குதியில் பின்னாலேயே இன்னொன்றும் குதித்தது. கல் தனி என்றால் வேலை தொடங்கும். வீடு இருந்தால் தொடங்காது. வீடு இருந்தால் பக்கத்தில் இன்னொரு வீடு இருக்கும், கயிறு கட்டுவார்கள், பலகை நடுவார்கள், மழைக்காலம் வரும், நிதி வரக் காத்திருப்பார்கள். விடுதி? "என்ன மேடம், பதினொண்ணுக்குத் தொடங்கிரலாம்ல?" என்றான் பிரபு. "ம்," என்றாள் மாதேஸ்வரி.

ம். பிறந்து இருபத்து நாலு வருஷத்தில் எந்தக் கேள்விக்காவது அவள் ம் என்று மட்டும் பதில் சொன்னதுண்டா? பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்பதற்கே இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னவள். இந்த ம் எங்கிருந்து வந்தது? அது ஒத்துக்கொண்ட ம் இல்லை, கேட்டேன் என்கிற ம். அப்படி என்று யார் சொன்னது, நீயே சொல்லிக்கொள்கிறாய். பிரபு திருப்தியாகப் போய்விட்டான், திம்மராயனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான், அந்த ம்மை அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான், இனித் திருப்பிக் கேட்க முடியாது. சரி, என்ன இப்போது, வேறு யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் கறை என்றுதான் நினைப்பார்கள், கறைதானே அது, மண்ணில் கறை. இதற்காக, இந்த விடுதிக்காக, மூன்று வருஷம். முதல் மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது, நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, அதில் நாற்பது பையன்களுடையது, அந்த நாற்பதையும் தேநீர்க்கடையில் உட்கார வைத்து வாதாடி வாங்கியவள் அவள். துணைவேந்தர் அறை வாசலில் இரண்டு நாள். "வெளியில ரூம் எடுத்துத் தங்கிக்கக் கூடாதாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிட்டு, துவைக்கிற கல்லுக்கும் தனியா வாடகை கேக்கற வீட்டுக்காரரோட நீங்க ஒரு வாரம் இருந்து பாருங்க சார்" என்று சொல்லி, அதற்காக ஒரு விளக்கக் கடிதம் எழுதிக்கொடுத்து, அந்த விளக்கக் கடிதத்திலும் வாதாடி. அப்புறம் நஸ்ரீன். பையில் போன் துடித்தது, பார்த்தால் நஸ்ரீனேதான், நினைத்தால் வந்து நிற்கிற பிசாசு.

"மண்ணு எடுத்தாச்சா? போட்டோ அனுப்புடி, அத்தாகிட்டக் காட்டணும். காட்டினாத்தான் நம்புவாரு." ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம் நஸ்ரீன் வீடு. இரண்டு பஸ், போக மூன்று மணி வர மூன்று மணி, ஒரு பருவம் அப்படி வந்தாள். அடுத்த பருவம் ஊருக்குள் அந்த வாடகை அறையில் இவர்களோடு. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று ஒரே வாரத்தில் எல்லாரையும் காலி செய்யச் சொன்னபோது, மற்றவர்கள் ஆளுக்கொரு பொந்து தேடிக்கொண்டார்கள், நஸ்ரீனின் அத்தா மட்டும், "ஹாஸ்டல் கட்டட்டும்மா, அன்னைக்கே கொண்டுவந்து விடறேன்" என்று பெட்டியோடு கூட்டிப்போய்விட்டார். நல்ல மனிதர், கோபப்படவும் முடியவில்லை. இரண்டு வருஷத்துக்குள் திரும்பி வந்து சேராவிட்டால் அவள் இடம் போய்விடும். ஒரு வருஷம் போயாயிற்று. வகுப்பில் முதலாவதாக வந்தவள் இப்போது தம்பிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருக்கிறாள். "எடுக்கறாங்கடி, ஒரு சின்ன இது, ஒரு கல்லு வந்திருக்கு, மேடம் வர்றாங்க." "கல்லா? உனக்குக் கல்லு கெடைச்சா பித்துப் புடிக்குமே. அதுக்காக வேலைய நிறுத்திராத தாயி." சிரிப்பு. வைத்துவிட்டாள். நிறுத்திராத. ம். சொல்லவில்லை, மனசுக்குள்தான் சொன்னாள், இரண்டாவது ம்.

வெயில் ஏறியது. அதை முதலில் கழுத்தில் உணர்ந்தாள், அப்புறம்தான் குழியைப் பார்த்தாள். ஓரத்து வட்டம் ஒன்று மங்கியிருந்தது. மண் காயக் காய நிறம் ஒன்றாகிவிடும். ஈரத்தில்தான் இந்தத் தடம் தெரியும், காய்ந்தால் சுற்றியிருக்கிற மண்ணோடு மண்ணாகப் போய்விடும், அகழாய்வில் அதற்காகத்தான் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் படம் எடுப்பார்கள். அப்படியென்றால் அவள் எதுவுமே செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம், மறைக்க வேண்டாம், இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். பத்தரைக்கு மேடம் வரும்போது காய்ந்த குழி, மஞ்சள் பூசின ஒரு கல். வெயில்தான் செய்தது, நான் இல்லை. எவ்வளவு வசதி. ச்சீ, எவ்வளவு வசதி! வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் இவள் திட்டின ஆட்கள் இதைத்தானே செய்தார்கள், உட்கார்ந்திருந்தார்கள், கோப்பு தானாகக் காய்ந்தது. ஆனால் அவர்கள் வேறு, இது நஸ்ரீனுக்காக. நானூறு பெண்களுக்கு ஒரு கூரை, உயிரோடு இருக்கிற பெண்கள், மூவாயிரத்து ஐந்நூறு வருஷமோ நாலாயிரம் வருஷமோ முன்னால் செத்துப்போன ஒருத்திக்குக் கூரை எதற்கு. ஏன் ஒருத்தி என்கிறாய், ஒருத்தனாக இருக்கக் கூடாதா. அடுப்பு இருக்கிறதே. அடுப்பு இருந்தால் ஒருத்தியா, இப்படி யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் அவனை உரித்திருப்பாய். சரி, யாரோ. அந்த யாரோ கம்பு வெட்டி, குழி தோண்டி, வளைத்து நட்டு, மண் பூசி, ராத்திரி குளிருக்கு நடுவில் நெருப்பு வைத்து. இன்னொரு வட்டம் மங்கியது. எட்டுதான் தெரிகிறது. எட்டா, ஏழா.

"இதென்னம்மா, கொட்டாய் போட்ட எடமா?" சாலம்மா குழியின் விளிம்பில் இடுப்பில் கை வைத்து நின்றாள். முப்பது வயசிருக்கும், தலையில் சும்மாடு, வெற்றிலை போட்ட வாய். மாதேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது?" "அதா, ரவுண்டு ரவுண்டா. கம்பு புடுங்கின குழி." "எப்படிக்கா சொல்றீங்க?" "எப்படிச் சொல்றதாம்! சைட்டுக்குச் சைட்டு கொட்டாய் போட்டுப் பிரிக்கறதே எங்க பொழப்பு. போட்டுப் பிரிச்சிட்டுப் போனா, மழை பேஞ்சதும் இப்படித்தான் தெரியும். வருசம் கழிச்சு அந்தப் பக்கம் போனாலும், ந்தா இங்கதான் நாம இருந்தோம்னு எங்க வீட்டுக்காரரு காட்டுவாரு." இறங்கி, செருப்பில்லாத காலோடு வட்டத்தைச் சுற்றி நடந்தாள், ஒன்றைக்கூட மிதிக்காமல். "ரெண்டு குழிக்கு நடுவுல எடம் உட்டிருக்கான் பாரு, இது வாசலு. மலைக்காத்து அந்தப் பக்கமிருந்து வரும், அதான் இந்தப் பக்கம் வச்சிருக்கான். வெவரமான ஆளு." மாதேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்குமா? "அதை அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுக்கா, ஒரு கம்பு குறைஞ்சிருக்கலாம், நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு..." "ஏம்மா, மலை எந்திரிச்சு எடம் மாறிருச்சா?" சாலம்மா சிரித்தாள். "படிச்ச புள்ள, பக்கெட்டுல ஏறி உக்காந்து கூப்பாடு போடத் தெரியுது, கொட்டாயத் தெரியலயா?" "தெரியும்," என்றாள் மாதேஸ்வரி. "பாத்துட்டேன். அப்பவே." "அப்புறம் ஏன் சும்மா உக்காந்திருக்க?"

ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். "சொன்னா ஹாஸ்டல் நின்னுடும்க்கா." "நின்னா?" "நின்னா, என் சிநேகிதி ஒருத்தி படிப்பு போயிடும்." சாலம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள். "பாவம்தான்," என்றாள், சுற்றிலும் பார்த்தாள், "ஆனா ஏம்மா, கண்ணுக்கெட்டின மட்டும் முள்ளுக்காடா கெடக்குது. இந்த எடத்த உட்டா வேற எடமே இல்லையா உங்களுக்கு?" மாதேஸ்வரியும் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பார்க்கிற இடம்தான், இன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நூற்றெண்பது ஏக்கர். சீமைக்கருவேலம், பாறை, நடுவில் நாலு கட்டடம், தூரத்தில் நூலகம். அடப்பாவிகளா! இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது, ஆறு ஆண்கள் உட்கார்ந்த ஒரு குழு, ஏன், இங்கே கட்டினால்தான் பேராசிரியர் குடியிருப்பிலிருந்து பெண்கள் போவதும் வருவதும் தெரியும் என்று. நூலகத்துக்குப் பக்கத்தில் இடம் கேட்டாள், "பாதுகாப்பு" என்ற ஒரு வார்த்தையால் அவள் வாயை அடைத்தார்கள், விடுதி கிடைத்தால் போதும் என்று அவளும் அடங்கினாள். அடங்கினாள் பார், அது முதல் ம்! இவ்வளவு நேரம் தராசில் ஒரு தட்டில் நஸ்ரீனையும் ஒரு தட்டில் அந்த அடுப்பையும் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாளே, தராசைக் கையில் கொடுத்தவன் யார் என்று ஏன் கேட்கவில்லை? குடிசைக்கும் பெண்களுக்கும் என்ன சண்டை? நூற்றெண்பது ஏக்கரில் இரண்டு வீட்டுக்கு இடமில்லையா? கோபம் வந்தது, நல்ல கோபம், வயிற்றிலிருந்து ஏறி உடம்பெல்லாம் சூடாக்கி, காலையில் குடிக்காமல் விட்ட காபிக்கு ஈடு செய்கிற கோபம். அதோடு நஸ்ரீன் இருக்கிறாள், கோபம் அவளை பஸ் ஏற்றிக் கூட்டி வராது, இதுவும் தெரியும், தெரிந்தே இறங்க வேண்டும். "அக்கா, தண்ணி இருக்கா?" இறங்கினாள். இடது கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்தேவிட்டாள். திம்மராயன் ஓடிவந்தார். "பாத்தும்மா, புள்ளையாரு மேல வுழுந்திராத." யாரும் சிரிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

டிரம்மில் மொண்டு மொண்டு தெளித்தார்கள். ஊற்றக்கூடாது, கை நுனியால், வாசல் தெளிக்கிற மாதிரி. சாலம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஏழு, எட்டு, பத்து, வட்டங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, சாம்பல் நீலமாகக் கறுத்தது, சுட்ட மண் குங்குமமாகச் சிவந்தது. பிரபு ஓடிவந்து, "என்ன மேடம் இது, நீங்க சரின்னீங்களே" என்றான். "ம்முன்னேன். தப்பு. மன்னிச்சுக்கங்க. இது வீடு." அவன் நின்று பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கட்டடக்காரன்தானே, கம்புக்குக் கம்பு இடைவெளியைக் கண்ணாலேயே அளந்தான் போலிருக்கிறது, "வாசல் தவிர எல்லாம் ஒரே அளவா விட்டிருக்கான்" என்று தனக்குத்தானே சொன்னான். அப்புறம் தாழ்ந்த குரலில், "லைப்ரரி பக்கத்துலயும் போன வருஷமே மண்ணுப் பரிசோதனை எடுத்தோம் மேடம். ரிப்போர்ட் இருக்கு. நல்ல மண்ணுதான். குழுவுல வேண்டாம்னுட்டாங்க." "என்னது?" என்றாள் மாதேஸ்வரி. நிச்சயமாக அது கத்தல்தான். "அந்த ரிப்போர்ட்டோட ஒரு நகல் எனக்கு வேணும்." "நான் குடுத்தேன்னு சொல்லக் கூடாது." "தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டுக்கறேன், உங்க பேரே வராது, தேதிய மட்டும் சொல்லுங்க." அவன் சொன்னான், அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள், வியர்வையில் அழியும் என்று முழங்கையிலும் எழுதிக்கொண்டாள்.

பத்தேமுக்காலுக்கு ஹெப்சிபா மேடமும் அதிகாரியும் வந்தார்கள். மேடம் விளிம்பில் நின்று பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார்கள். அதிகாரி படம் எடுத்து எடுத்து அலுக்கவில்லை. கடைசியில் மேடம் நிமிர்ந்து, "வேலை நிக்கும் மாதேஸ். எத்தனை மாசம்னு என்னால சொல்ல முடியாது. உனக்குத் தெரியுமில்ல?" என்றார்கள். தெரியும் என்றாள். தெரிந்துதான் தெளித்தேன் என்று சொல்லத் தோன்றியது, சொல்லாமல் தள்ளி வந்து நஸ்ரீனுக்குப் போன் போட்டாள். வாதாட எதுவும் இல்லாமல், முன்னுரை இல்லாமல், கல்லிலிருந்து கம்புக்குழி வரைக்கும் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. திட்டுவாள், திட்டட்டும், அழுதால்தான் தாங்காது. "எவ்வளவு பெரிய வீடு?" என்றாள் நஸ்ரீன். மாதேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். சாலம்மா வாசல் என்று சொன்ன இடத்தில் நின்று அதிகாரியிடம் காற்றைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள், அவர் எழுதிக்கொண்டிருந்தார். "பதிமூணடி இருக்கும்டி, குறுக்க. அடுப்பைச் சுத்தி அஞ்சு பேர் தாராளமாப் படுக்கலாம்." நஸ்ரீன் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது, அவள் கணக்குப் போடும்போது மூச்சு அப்படித்தான் வரும். "அந்த வாடகை ரூமும் அதே அளவுதானடி. நாம ஒம்பது பேர் படுத்தோம்," என்றாள் நஸ்ரீன். "அடுத்த மனுவுல அத மொத வரியா எழுது. நானே வந்து கையெழுத்துப் போடறேன்."